இரண்டு சம்பந்திகளும் ஒரு டிரைபாடும்

பையனின் அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனில் வரும் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பைலட். பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்கா. இவர்களின் பிள்ளைகள் கல்யாணம் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடமும், மற்றவர் முகம் கோணிவிடக் கூடாதே என்று சம்பந்திகள் இருவரும் நடந்துகொண்ட விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு முட்டியது.

எக்ஸ்ரே அக்கா போடும் காபி பைலட்டுக்குத் தொண்டையில் இறங்காது. இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பார். பைலட்டின் வேன் வளைவில் திரும்பும்போது எக்ஸ்ரே அக்கா கண்ணை மூடிக்கொள்வார். கேட்டால், காற்று சுகமாக இருக்கிறது என்பார்.

மகனும் மருமகளும் ஊரில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் நால்வருமாக ஏரிக்கரையில் நடப்பார்கள். வேலை மாறி இளசுகள் வேறு ஊருக்குப் போன பிறகும் அம்மாக்கள் இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள். இனிமேல் வேண்டாமே என்று முதலில் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. பேச்சு தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியில்லாமல் பறவைகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதில் இருவருக்குமே நிஜமாகவே ஆசை வந்துவிட்டது. இது என்ன, அது என்ன என்று போனில் படம் தேடி, பெயர் கண்டுபிடித்து, வாரம் முழுக்க அதைப் பற்றியே குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டார்கள்.

இதைக் கேள்விப்பட்ட பிள்ளைகள் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கி அனுப்பினார்கள். தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டும் தொலைநோக்கி. முழங்கை நீளம்தான், ஒரு தண்ணீர் பாட்டிலைவிடக் கனம் குறைவு. கண் வைக்கும் பக்கம் மட்டும் மேல்நோக்கி வளைந்திருக்கும். இரண்டு அம்மாவுக்கும் சேர்த்து ஒன்று, பங்கு பிரித்துக்கொள்ளுங்கள் என்று மகள் போனில் சிரித்தாள். அதை நிறுத்தி வைக்க மூன்று கால் டிரைபாட் ஒன்று வேண்டும் என்பது அனுப்பியவர்களுக்கும் தோன்றவில்லை, வாங்கியவர்களுக்கும் தோன்றவில்லை.

கையில் பிடித்துப் பார்த்த முதல் நாளே தெரிந்துவிட்டது. முப்பது மடங்கு பெரிதாக்கினால் பறவையோடு சேர்ந்து கை நடுக்கமும் முப்பது மடங்காகிறது. சேற்றில் அசையாமல் நின்ற கொக்கு தவளைபோலத் துள்ளியது. மதகுச் சுவரில் துப்பட்டாவை மடித்து வைத்து, அதன்மேல் ஸ்கோப்பைச் சாய்த்துப் பார்த்தார்கள். அப்போது படம் நின்றது. ஆனால் சுவருக்கு எதிரே எந்தப் பறவை வந்து உட்கார்கிறதோ அதைத்தான் பார்க்க முடிந்தது.

ஒரு சனிக்கிழமை டிரைபாட் வாங்கக் கேமராக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வரிசையாக நிறுத்திக் காட்டினார். பைலட்டின் கண் அவற்றில் இல்லை, சம்பந்தியின் வலது தோளில் இருந்தது. வருடக்கணக்காகக் கதிரைத் தடுக்கும் ஈய அங்கியைச் சுமந்தும் நோயாளிகளைப் புரட்டியும் அந்தத் தோள் போயிருந்தது. எக்ஸ்ரே அக்கா ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. ஆனால் நடக்கும்போது கைப்பையை அடிக்கடி இடது பக்கம் மாற்றிக்கொள்வதைப் பைலட் பார்த்திருந்தார். அதனால் கடையிலேயே கனம் குறைந்த டிரைபாடைக் கையில் எடுத்தார். கால்கள் ஐந்து மடிப்பாக உள்ளே போய், குடை அளவுக்குச் சுருங்கியது. மேலே உருண்டைத் தலை. ஒரு திருகைத் தளர்த்தினால் எந்தப் பக்கமும் சாயும்.

“இறகு மாதிரி இருக்கு சம்பந்தி. பாருங்க.”

எக்ஸ்ரே அக்கா வாங்கிப் பார்த்தார். கடைசி மடிப்புக் கால் பென்சில் பருமன்தான் இருந்தது. விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது நடுங்கியது, நடுங்கிக்கொண்டே இருந்தது. கடைக்காரர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எக்ஸ்ரே அக்கா, “ரொம்ப நல்லா இருக்கு சம்பந்தி” என்று சொல்லிவிட்டார்.

ஏரிக்கரையில் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும். ஸ்கோப்பை மாட்டி, கண்ணுக்கு எட்டும் உயரத்துக்கு நடுத்தண்டையும் மேலே இழுத்துவிட்டதும் டிரைபாட் நாணல்போல ஆட ஆரம்பித்தது. பறவை நகர்ந்தால் திருகைத் தளர்த்த வேண்டும். தளர்த்திய மறுகணம் ஸ்கோப் தூங்கி விழுகிறவர் தலைபோலத் தொப்பென்று கவிழும். ஒருமுறை அது விழுந்தபோது கண்வைக்கும் முனை எம்பி எக்ஸ்ரே அக்காவின் புருவத்தில் இடித்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் விசாரித்தார்கள். பறவை பார்க்கப் போய் அடிபட்டது என்றால் யாரும் நம்பவில்லை.

“சிரமமா இருக்கா சம்பந்தி?” என்று பைலட் கேட்பார். இல்லவே இல்லை என்பார் எக்ஸ்ரே அக்கா. “உங்களுக்கு?” என்று அவர் கேட்பார். எனக்கென்ன என்பார் பைலட். இப்படியே பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

அந்தச் சமயத்தில்தான் ஏரியில் பறவைக் கணக்கெடுக்கும் பெண் ஒருத்தி இவர்களிடம் வந்து பேச்சுக் கொடுத்தாள். சேற்றில் ஓடித் திரிகிற உள்ளான்களைக் காட்டினாள். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், ஆனால் குளிர்காலத்துக்கு இங்கே வந்து, வெயில் ஏறியதும் பல நாடு தாண்டி வடக்கே போய்க் குஞ்சு பொரிக்கும். எங்கெங்கோ ஆராய்ச்சிக்காரர்கள் அவற்றைப் பிடித்து, காலில் சின்னக் கொடிபோல ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். பட்டையில் எழுத்துகள் இருக்கும். அதை யாராவது படித்துச் சொன்னால் அந்தப் பறவையின் கதையே தெரிந்துவிடும். கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று தன் போன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே பைலட்டின் கண்ணில் பட்டது. ஓர் உள்ளானின் வலது காலில் மஞ்சள் புள்ளி. ஸ்கோப்பைத் திருப்பினார்கள். பட்டைதான், எழுத்தும் இருக்கிறது, ஆனால் படம் ஆடிய ஆட்டத்தில் அது மூன்று எழுத்தா முப்பது எழுத்தா என்று சொல்ல முடியவில்லை. இருவரும் மாறி மாறிப் பார்த்துக் கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். அதற்கடுத்த வாரமும் அதே இடத்தில் அதே உள்ளான் மேய்ந்துகொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டு வந்தது. எப்போது வேண்டுமானாலும் அது கிளம்பிவிடலாம்.

பைலட் சும்மா இருக்கிறவர் இல்லை. அவர் வேனில் வரும் ஒரு பிள்ளையின் அப்பா ரோடு அளக்கும் சர்வேயர். அவரிடம் கெஞ்சி, மூலையில் கிடந்த பழைய மரத்தாலான அளவைக் கருவி டிரைபாட் ஒன்றை வாங்கிவந்தார். வேன் மெக்கானிக்கைப் பிடித்து அதன் உச்சியில் ஓர் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட வைத்தார். அதைத் தூக்கினால் கன்றுக்குட்டியைத் தூக்குவதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதை ஏரிக்கரையில் நிறுத்தியதும் பூமியில் முளைத்ததுபோல நின்றது. யானை வந்து உரசினாலும் ஆடாது என்று பைலட் பெருமையோடு சொன்னார். உண்மைதான், ஆடவில்லை. திரும்பவும் இல்லை, குனியவும் இல்லை. தலை என்று ஒன்று இல்லாததால், போல்ட் போட்ட ஸ்கோப் நேரே எதிர்க்கரைப் பம்பு அறையை மட்டும் காட்டியது. உள்ளான் கீழே சேற்றில் இருந்தது. ஸ்கோப்பைக் கீழே தாழ்த்த முன்காலை முன்னே நகர்த்த வேண்டும், பக்கவாட்டில் திருப்ப மூன்று காலையும் பிடுங்கி நட வேண்டும். நட்டு முடிப்பதற்குள் உள்ளான் பத்தடி ஓடியிருக்கும். பம்பு அறைக் கதவில் எழுதியிருந்த அபாய அறிவிப்பை மட்டும் இருவரும் பிழையில்லாமல் படித்தார்கள்.

திரும்பும்போது பைலட் ஒருவரே அதைச் சுமந்து வருவதைப் பார்க்க எக்ஸ்ரே அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன் என்று வலுக்கட்டாயமாக வாங்கி, வேன் நிற்கும் இடம்வரை தூக்கி வந்தார்.

மறுநாள் மத்தியானம், வேனுக்கு வேலையில்லாத நேரத்தில், சம்பந்தி வேனில் மறந்துவிட்டுப்போன பிளாஸ்க்கைக் கொடுக்கப் பைலட் ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்ரே அறை வாசலில் நின்ற உதவியாளர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அக்காவால் காலையிலிருந்து கையைத் தூக்க முடியவில்லை, எல்லாவற்றையும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன், என்னத்தைத் தூக்கினாரோ தெரியவில்லை என்றார்.

பைலட் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். எக்ஸ்ரே அக்கா தோளில் வெந்நீர்ப் பையைக் கட்டியிருந்தார்.

“வலின்னு ஏன் சொல்லலை?”

“நீங்க அவ்வளவு ஆசையா செஞ்சு எடுத்துட்டு வந்தீங்க. எப்படிச் சொல்றது?”

“அந்தச் சின்னதே போதும்னு சொல்லியிருக்கலாம்ல?”

இரண்டு வருடமாக அடக்கிவைத்த பேச்சு எக்ஸ்ரே அக்காவிடமிருந்து வெளியே வந்தது.

“அது போதாது சம்பந்தி. கடையிலேயே ஆடுச்சு. நாள் முழுக்க ஆடாதீங்க, மூச்சைப் பிடிங்கன்னு சொல்றவ நான். எனக்குத் தெரியாதா? நீங்க எனக்காகத்தான் அதை எடுக்கறீங்கன்னு புரிஞ்சுது. அதான் வாயை மூடிக்கிட்டேன்.”

“அப்ப புருவத்துல இடிச்சப்பவும் நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க?”

“அப்பவும் நல்லா இல்லை.”

பைலட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தனக்கும் அந்த டிரைபாட் பிடிக்கவேயில்லை என்றும், சம்பந்திக்குப் பிடித்திருக்கிறதே என்றுதான் பொறுத்துக்கொண்டதாகவும் சொன்னார். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தத் தெரியவில்லை. காபி விஷயத்தையும் சொன்னார். எக்ஸ்ரே அக்காவுக்கு முகம் சிவந்தது. வளைவில் கண்ணை மூடுவது காற்றுக்காக இல்லை, உயிர் பயத்துக்காக என்று அவரும் சொன்னார். இருபது வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறேன் என்று பைலட் குரலை உயர்த்தினார். காபியைக் குறை சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை என்று எக்ஸ்ரே அக்காவும் உயர்த்தினார். குரல்கள் வாசல் வரை கேட்டன. உதவியாளர் கதவைச் சாத்தினார்.

அப்போது மேஜைமேல் படுத்திருந்தவரின் குரல் கேட்டது. முட்டிக்குப் படமெடுக்க வந்த பெரியவர். இருவருமே அவரை மறந்துபோயிருந்தார்கள்.

“அம்மா, நான் இன்னும் ஆடாமலே படுத்திருக்கணுமா?”

முதலில் சிரித்தது பைலட். எக்ஸ்ரே அக்கா சிரித்த சிரிப்பில் வெந்நீர்ப் பை நழுவி விழுந்தது. பெரியவரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். அதனால் அவருடைய முட்டியை இரண்டு தடவை படமெடுக்க வேண்டியதாயிற்று.

அன்று சாயந்திரம் எக்ஸ்ரே அக்கா மகளிடம் போனில், நானும் சம்பந்தியும் இன்றைக்கு நன்றாகச் சண்டை போட்டோம் என்று சந்தோஷமாகச் சொன்னார். மகளுக்குச் சந்தோஷம் காதில் விழவில்லை, சண்டை மட்டும் விழுந்தது. பதறிப்போய்க் கணவனிடம் சொல்ல, அவன் உடனே தன் அம்மாவைக் கூப்பிட்டு, என்ன நடந்தது, நாங்கள் கிளம்பி வரட்டுமா என்று கேட்டான்.

“எதுக்கு வரணும்?” என்றார் பைலட். “சனிக்கிழமை கடைக்குப் போறோம். அங்க இன்னொரு சண்டை இருக்கு. முடிஞ்சதும் சொல்றேன்.”

சொன்னபடியே சனிக்கிழமை, இந்தத் தடவை ஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் குடை அளவு டிரைபாடைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டார். அன்றைக்கே சொல்ல வந்தேன், அது போன் வைத்துப் படமெடுக்கத்தான் சரி, நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டதில் எனக்கு நடுவே இடம் கிடைக்கவில்லை என்றார்.

எக்ஸ்ரே அக்கா வைத்த நிபந்தனை ஒன்றுதான்: ஸ்கோப்பை மாட்டிப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. கடைக்குள் பார்க்க என்ன இருக்கிறது? ஒவ்வொரு டிரைபாடாக வெளியே நடைபாதைக்குக் கொண்டுவந்தார்கள். தெருக் கோடியில் ஒரு மருந்துக்கடைப் பலகை. அதன் அடியில் பொடி எழுத்தில் போன் எண். அதில் குறிவைத்து, டிரைபாடின் காலை ஒரு சுண்டு சுண்டிவிட்டு, எண் எப்போது தெளிகிறது என்று பார்த்தார் எக்ஸ்ரே அக்கா. அலுமினியத்தில் ஒன்று, கனம்தான், ஆனால் நன்றாக நின்றது. பைலட்டுக்குப் பிடித்துப்போயிற்று.

“இதையே எடுத்துக்கலாம். நான்தானே தூக்கப்போறேன்?”

“எல்லா நாளும் நீங்களே தூக்கினா நான் எதுக்குக் கூட வர்றேன்? என் கையால தூக்க முடியறதா இருக்கணும்” என்றார் எக்ஸ்ரே அக்கா.

“அப்ப ஆடும்.”

“ஆடாததா பாருங்க. கடை முழுக்க இருக்கே.”

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய் கார்பன் இழையில் செய்த ஒன்றைக் கொண்டுவந்தார். கனம் குறைவு, ஆனால் கால் மூன்றே மடிப்பு. மடிப்பு குறையக் குறையக் கடைசிக் கால் மெலிந்துபோகாது, அதனால் ஆட்டமும் குறையும் என்று விளக்கினார். மடித்தால் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். நீளமாக இருந்தால் இருக்கட்டும், வேனில் படுத்துக்கொண்டு வரட்டும் என்றார் பைலட். நடுத்தண்டை மட்டும் மேலே இழுக்காதீர்கள், இழுத்தால் மூன்று கால் போய் ஒற்றைக் கால் ஆகிவிடும் என்று கடைக்காரர் எச்சரித்தார்.

உயரத்தில் அடுத்த தகராறு வந்தது. பைலட் நெட்டை, எக்ஸ்ரே அக்கா அவர் தோளுக்குத்தான் வருவார். நெட்டைக்கு வைத்தால் குட்டை எம்ப வேண்டும், எம்பினால் டிரைபாடைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும், பிடித்தால் ஆடும். கண்வைக்கும் முனை மேல்நோக்கி வளைந்திருப்பதால் குட்டையின் உயரத்துக்கே வைத்து நெட்டை குனிந்து பார்ப்பதுதான் முறை என்று முடிவாயிற்று. பைலட் காலை அகட்டி வைத்துக் குனிந்து பார்த்தார். ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிப்பதுபோல இருந்தது. எக்ஸ்ரே அக்கா அதை மறைக்காமல் சொன்னார்.

தலை விஷயத்தில்தான் இருவருக்கும் ஒரே கருத்து. உருண்டைத் தலையைக் கண்ணிலேயே காட்ட வேண்டாம் என்றார்கள். கடைக்காரர் சின்னதாக ஒரு வீடியோ தலையை மாட்டினார். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்து மேலே கீழே, இடம் வலம் என்று தேனில் கரண்டியைத் திருப்புவதுபோல மெதுவாகத் திருப்பலாம். ஸ்கோப் உட்காரும் தகட்டை முன்னும் பின்னும் தள்ளி எடையைச் சமன் செய்துவிட்டால் கையை எடுத்த பிறகும் விட்ட இடத்திலேயே நிற்கும். எக்ஸ்ரே அக்கா கையை எடுத்தார். புருவம் ஞாபகத்துக்கு வந்து சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஸ்கோப் நின்ற இடத்தில் நின்றது.

இதற்குள் நடைபாதையில் கூட்டம் சேர்ந்திருந்தது. இரண்டு அம்மாக்கள் தெருவில் பீரங்கி மாதிரி ஒன்றை வைத்துக் குறிபார்த்தால் யார்தான் நிற்க மாட்டார்கள்? ஒரு போக்குவரத்துக் காவலர் வந்து என்ன விஷயம் என்று அதட்டலாகக் கேட்டார். பைலட் அவரையும் பார்க்கச் சொன்னார். அவர் குனிந்து பார்த்து, கைப்பிடியை மெதுவாகத் திருப்பி, தண்ணீர்த் தொட்டி உச்சியில் காக்கை கூடு கட்டுவதைக் கண்டுபிடித்து, அதிலேயே மூழ்கிவிட்டார். பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்த பிறகுதான் நிமிர்ந்தார். அந்த டிரைபாடையும் அந்தத் தலையையுமே வாங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் பாதி உள்ளான்கள் இல்லை. கிளம்பிவிட்டன. எக்ஸ்ரே அக்கா டிரைபாடைத் தன் இடது தோளில் தானே சுமந்து வந்து, கால்களை அகலமாக விரித்து நிறுத்தி, தண்ணீர் பாட்டிலும் தின்பண்டமும் இருந்த பையைத் ஆடாமலிருக்கப் பாரமாக, தரையைத் தொட்டும் தொடாமலும் நடுவில் தொங்கவிட்டார். மெதுவாகக் கைப்பிடியைத் திருப்பிச் சேற்றின் ஓரத்தை ஒரு முனையிலிருந்து தேடிக்கொண்டே வந்தார். பறவைகள் ஒவ்வொன்றாக வந்து நின்று போயின. எதன் காலிலும் எதுவும் இல்லை.

கடைசியில், நாணலோரம் தனியாக ஓர் உள்ளான் ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்து வைத்திருந்தது. வெளியே தெரிந்தது இடது கால்.

“இதுவா இருக்குமோ?” என்றார் பைலட்.

“காலை இறக்கினாத்தான் தெரியும்.”

அது இறக்குவதாக இல்லை. காத்திருந்தார்கள். வெயில் முதுகில் ஏறியது. பைலட் கையைத் தட்டலாமா என்றார். பறந்துவிடும் என்று எக்ஸ்ரே அக்கா அதட்டினார். உள்ளான் இருந்த இடத்திலேயே ஒற்றைக் காலால் இரண்டு தத்து தத்தி மறுபடி தூங்கியது. பைலட் பொறுமையிழந்து கரையில் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு நாரை பக்கத்தில் வந்து இறங்கியது. உள்ளான் விழித்து, காலை இறக்கியது. மஞ்சள் பட்டை.

எக்ஸ்ரே அக்கா கூப்பிடவில்லை, கையை மட்டும் ஆட்டினார். பைலட் ஓடிவந்து பக்கத்தில் நின்றார். எக்ஸ்ரே அக்கா கண்ணை எடுக்காமல் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். பிறகு நகர்ந்து இடம் கொடுத்து, “நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க. நான் சொன்னதுக்காகச் சரின்னு சொல்லக் கூடாது” என்றார்.

பைலட் ஒட்டகச்சிவிங்கியானார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். காற்று அடித்தது. படம் அசையவில்லை.

“கடைசி எழுத்து நீங்க சொன்னது இல்லை சம்பந்தி. கீழேயும் ஒரு கோடு இருக்கு. நல்லாப் பாருங்க.”

எக்ஸ்ரே அக்கா மறுபடி பார்த்தார். உள்ளான் சேற்றில் அலகைக் குத்தி, காலை மாற்றி வைத்து, ஒரு கணம் முழுசாகப் பக்கவாட்டில் நின்றது. கீழே கோடு இருந்தது. “ஆமா, நீங்க சொன்னதுதான் சரி” என்றார்.

கணக்கெடுக்கும் பெண்ணுக்கு அங்கிருந்தே போன் செய்தார்கள். அவள் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். அந்த வாரத்துக்குள் பதில் வந்தது. வடக்கே, வருடத்தில் பாதி நாள் உறைந்து கிடக்கும் ஒரு சதுப்பு நிலத்தில், ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதற்குப் பட்டை மாட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அதை எங்கேயும் யாரும் பார்த்ததாகத் தகவல் இல்லை. செத்துப்போயிருக்கும் என்று நினைத்திருந்தார்களாம். பட்டை மாட்டிய ஆராய்ச்சியாளர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், அவருக்குச் செய்தி போனதும் மனுஷன் சந்தோஷத்தில் தனக்குப் போன் பண்ணியே பேசிவிட்டார் என்றாள் அந்தப் பெண்.

பைலட் அந்த வாரம் முழுக்க வேனில் ஏறிய ஒவ்வொரு பிள்ளையிடமும் அந்த உள்ளானின் கதையைச் சொன்னார். எக்ஸ்ரே அக்கா படமெடுக்க வந்தவர்களிடம் சொன்னார். ஒன்பது வருடத்தில் அது எத்தனை முறை போய் வந்திருக்கும், நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு முன்பிருந்தே இது நம் ஊருக்கு வந்துகொண்டிருக்கிறதே என்று போனில் ஒருவருக்கொருவர் சொல்லி மாய்ந்துபோனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேறு காலியாகக் கிடந்தது. உள்ளான் ஒன்றுகூட இல்லை. பைலட் வீட்டுக்குப் போகலாம் என்றார். எக்ஸ்ரே அக்கா இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்றார். இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று பைலட் கேட்டார். பார்த்தால்தானே தெரியும் என்று எக்ஸ்ரே அக்கா டிரைபாடின் கால்களை விரித்தார். பைலட் முணுமுணுத்துக்கொண்டே பையைக் கீழே தொங்கவிட்டு, வீட்டில் தானே போட்டு வேனில் கொண்டுவந்த காபியைச் சம்பந்திக்கு ஊற்றிக் கொடுத்தார்.